“நேரில் வாங்க, பேசிக்கலாம்” என்று பள்ளி கூப்பிட்டால்: போக்சோ சட்டம் ஓர் அறிமுகம்

பள்ளியிலிருந்து போன் வருகிறது. “உங்க பொண்ணு ஏதோ சொல்றாளாம். யார்கிட்டயும் சொல்லிப் பெரிசு பண்ணாதீங்க. நாளைக்கு நேரில் வாங்க, தாளாளர் உங்ககிட்ட பேசணும்கிறார்.” பள்ளி, விடுதி, காப்பகம், டியூஷன் சென்டர் போன்ற இடங்களில் நடக்கும் பாலியல் குற்ற வழக்குகளில் பல, நீதிமன்றப் படி ஏறும் முன்பே அந்தத் தாளாளரின் மேசையில் தோற்றுப்போகின்றன. உண்மையில் அந்த மேசையில் பேசி முடிக்கச் சட்டப்படி எதுவும் இல்லை. 18 வயது நிறையாத குழந்தையின் விஷயத்தில் பள்ளிக்குச் சட்டம் வைத்திருக்கும் முதல் வேலை ஒன்றுதான்: போலீசுக்குத் தகவல் சொல்வது. நடந்ததா இல்லையா என்று தீர்ப்பு சொல்லும் வேலையை யாரும் பள்ளியிடம் கொடுக்கவில்லை.

போக்சோ என்பது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம். ஆகவே இந்தக் கட்டுரையும் முக்கியமாகக் குழந்தைகளைப் பற்றியது. கல்லூரி, அலுவலகம், பல வருடங்களுக்கு முன் நடந்தவை ஆகியவை கடைசியில் வருகின்றன.

நிறுவனத்துக்குள் நடப்பது ஏன் தனி ரகம்?

வருகைப் பதிவும், மதிப்பெண்ணும், சாப்பாட்டு மணியும், அறைச் சாவியும் ஒரே கையில் இருக்கும் இடம் அது. குழந்தை புகார் சொல்லப் போக வேண்டிய ஆளே பல நேரம் குற்றவாளியின் சக ஊழியர், அல்லது முதலாளி. மேற்பார்வை செய்ய வேண்டியவர்களும் அதே வட்டத்துக்குள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு பீகாரின் முசாஃபர்பூர் காப்பக வழக்கைப் பார்க்கலாம். அரசுப் பணத்தில் நடந்த சிறுமியர் காப்பகம் அது. ஆய்வுக்கு அதிகாரிகள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். 2018இல் மும்பை டாடா சமூக அறிவியல் கழகத்தின் குழு செய்த சமூகத் தணிக்கையில்தான் விஷயம் வெளியே வந்தது. உச்ச நீதிமன்றம் வழக்கை டெல்லிக்கு மாற்றியது. 2020 ஜனவரியில் 19 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தபோது, காப்பகத்தை நடத்தியவரோடு, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் அந்த மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக இருந்தவரும் பட்டியலில் இருந்தார். காவலுக்கு வைத்த ஆள் அவர்.

ஆகவே “மேலிடத்தில் சொல்லிவிட்டோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று நிறுத்திக்கொள்ளக் கூடாது. மேலிடத்துக்கும் சொல்லுங்கள், ஆனால் போலீசுக்குச் சொன்ன பிறகு.

குற்றம் ஒன்று, பதவி கூடினால் பிரிவு வேறு

போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் அமலில் இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்ட யாரும் அதன்படி குழந்தை. ஆண், பெண், திருநர் என்ற வேறுபாடு இல்லை. பையன்களுக்கு இது பொருந்தாது என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். முழுமையாகப் பொருந்தும்.

குற்றத்தைச் சட்டம் மூன்று படிகளாகப் பார்க்கிறது. தொடாமல் செய்வது (பேச்சு, சைகை, ஆபாசப் படம் காட்டுவது, போனில் தொல்லை கொடுப்பது) பாலியல் தொந்தரவு, பிரிவு 11. இதற்கு 3 ஆண்டு வரை சிறை. பாலியல் நோக்கத்தோடு தொடுவது பாலியல் தாக்குதல், பிரிவு 7. இதற்கு 3 முதல் 5 ஆண்டு. துணிக்கு மேல் தொட்டால் குற்றமாகாது என்று வாதாட இப்போது இடமில்லை. தோலோடு தோல் பட வேண்டியதில்லை, நோக்கமே முக்கியம் என்று 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. உடலுக்குள் ஊடுருவும் தாக்குதல் பிரிவு 3. இதற்குக் குறைந்தது 10 ஆண்டு. குழந்தைக்கு 16 வயது நிறையவில்லை என்றால் குறைந்தது 20.

நிறுவன வழக்குகளில் கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்த படி. அதே செயலைப் பள்ளியின் அல்லது மத நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ அங்குள்ள குழந்தையிடம் செய்தால் அது “மோசமான வகை” என்ற தனிப் பிரிவுக்குப் போகிறது. 7 இருந்த இடத்தில் 9 வரும், தண்டனை 5 முதல் 7 ஆண்டாக உயரும். 3 இருந்த இடத்தில் 5 வரும், குறைந்தபட்சமே 20 ஆண்டு, அதிகபட்சம் மரண தண்டனை வரை. மருத்துவமனை ஊழியர், காப்பக ஊழியர், போலீஸ்காரர், அரசு ஊழியர், குழந்தைக்குச் சேவை தரும் எந்த அமைப்பின் ஆளும், குழந்தை நம்பியிருக்கும் அதிகாரத்தில் உள்ள எவரும் இதில் அடக்கம். டியூஷன் மாஸ்டர், நீச்சல் பயிற்சியாளர், வேன் டிரைவர் ஆகியோரையும் இந்த உட்பிரிவுகளில் கொண்டுவர முடியும். ஒரே குழந்தையிடம் திரும்பத் திரும்பச் செய்திருந்தாலும், குழந்தைக்கு 12 வயதுக்குக் குறைவாக இருந்தாலும் அதுவே மோசமான வகைதான்.

எஃப்.ஐ.ஆர். கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். (7க்கான தண்டனையைச் சொல்வது பிரிவு 8, 9க்கு 10, 11க்கு 12.) ஆசிரியர் மீதான வழக்கில் வெறும் 7, 8 என்று மட்டும் போட்டிருந்தால் 9, 10 ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். தொட்ட சம்பவத்தை 11, 12 என்று பதிந்து தண்டனையை மூன்று ஆண்டுக்குள் அடக்கிவிடுவதும் நடக்கிறது.

மறைத்தவரும் குற்றவாளிதான்

போக்சோவின் 19ஆவது பிரிவை எல்லாப் பள்ளியின் ஆசிரியர் அறையிலும் ஒட்டி வைக்கலாம். குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சும் எவரும், போலீசுக்குச் சொல்லியே தீர வேண்டும். உறுதியாகத் தெரிய வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. நல்ல எண்ணத்தில் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. சொல்லாமல் விட்டால் பிரிவு 21 வரும்: சாதாரண ஆளுக்கு 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம், தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும். தகவல் சொல்லத் தவறிய குழந்தைக்கு இது பொருந்தாது.

ஏட்டில் தூங்கும் பிரிவு என்று இதை நினைக்க வேண்டாம். மகாராஷ்டிராவின் ராஜூராவில் பழங்குடி மாணவியர் விடுதியில் நடந்த குற்றங்கள் தெரிந்தும் தகவல் சொல்லவில்லை என்று, சிறுமியருக்குச் சிகிச்சை பார்த்த மருத்துவர் மீது வழக்குப் பதிவானது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்து, தெரிந்தும் சொல்லாதது கடுமையான குற்றம் என்றது.

பள்ளி சொல்லும் “நாங்களே கமிட்டி போட்டு விசாரிக்கிறோம்” என்ற வாக்கியத்தை இந்த வெளிச்சத்தில் படியுங்கள். ஒழுங்கு நடவடிக்கைக்காக விசாரிக்கலாம், இடைநீக்கம் செய்யலாம். ஆனால் விசாரணை முடியட்டும், பிறகு போலீசுக்குச் சொல்கிறோம் என்பது 21ஆவது பிரிவுக்கு நேரே நடந்து போவது. அதோடு அந்த விசாரணை வழக்கையும் கெடுக்கிறது. வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், தாளாளர், கமிட்டி என்று நான்கு இடத்தில் குழந்தை ஒன்றையே சொல்கிறது. நாலு பேரும் நாலு விதமாக எழுதி வைக்கிறார்கள். ஒன்றில் செவ்வாய், இன்னொன்றில் புதன். ஒரு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த நாலு தாளையும் கையில் வைத்துக்கொண்டுதான் எழுந்து நிற்பார்.

முதல் நாள்

குழந்தை சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். “அவர் இப்படிச் செஞ்சாரா?” என்று நீங்கள் வார்த்தை எடுத்துக் கொடுத்தால் அது சொல்லிக்கொடுத்த சாட்சியாகிவிடும். “அப்புறம் என்ன ஆச்சு?” போதும். சொன்னதை அன்றைக்கே, குழந்தையின் சொற்களிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். உடல் உறுப்புக்குக் குழந்தை வீட்டில் சொல்லும் பெயர் எதுவோ அதையே எழுதுங்கள், திருத்த வேண்டாம். வீடியோ எடுத்து உறவினர் குழுவில் போடுவது மட்டும் கூடவே கூடாது. குழந்தையின் பெயர், முகம், வீடு, குடும்பம், படிக்கும் பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. கோபத்தில் பள்ளியின் பெயரோடு பெற்றோரே போடும் பதிவு பிறகு எதிர்த்தரப்புக்குத்தான் உதவும்.

சம்பவம் நடந்து மூன்று நாள் ஆகவில்லை என்றால் மருத்துவமனைதான் அவசரம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தையும் அவசரக் கருத்தடை மாத்திரையையும் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். உடலிலிருந்து தடய மாதிரி எடுக்க ஏறத்தாழ 96 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு. அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காதீர்கள். ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் உள்ளே வியர்த்து, பூஞ்சை பிடித்து, டி.என்.ஏ. கெட்டுவிடும். எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் பரிசோதிப்போம் என்று மருத்துவமனை சொல்ல முடியாது. போக்சோ பிரிவு 27 எஃப்.ஐ.ஆர். இல்லாமலும் பரிசோதனையை அனுமதிக்கிறது. அரசு மருத்துவமனை மட்டுமல்ல, தனியாரும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தர வேண்டும். சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெற்றோர் அல்லது குழந்தை நம்பும் ஒருவர் கூட இருக்கலாம். முன்பே உடலுறவு உண்டா என்று பார்ப்பதாகச் சொல்லிச் செய்யும் இரு விரல் பரிசோதனை எங்கேயும் கூடாது. அதைச் செய்யும் மருத்துவர் மீது நடவடிக்கை பாயும் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எச்சரித்திருக்கிறது.

நாள் கடந்துவிட்டதா? காயமும் தடயமும் இல்லாவிட்டாலும் குழந்தையின் நம்பத்தகுந்த வாக்குமூலம் ஒன்றே தண்டனைக்குப் போதும் என்பது நீதிமன்றங்களில் நிலைபெற்ற கருத்து. “மெடிக்கல்ல ஒண்ணும் வரலையே” என்று யாராவது சொன்னால் மனம் தளர வேண்டாம்.

சி.சி.டி.வி. விஷயத்தில்தான் நாள் கணக்கு கறாரானது. பள்ளிகளில் உள்ள ரெக்கார்டர் பழையதை அழித்துக்கொண்டே புதியதைப் பதியும். வட்டின் அளவைப் பொறுத்து 15 நாளோ ஒரு மாதமோதான் தாங்கும். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரையான பதிவைப் பாதுகாத்துக் கைப்பற்ற வேண்டும் என்று புகாரிலேயே எழுதுங்கள். வாட்ஸ்அப் செய்தி இருந்தால் போனை மாற்றாதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் நினைவுக்கு உதவும், ஆனால் சாட்சியமாக நிற்பது அந்தப் போனும், பதிவு அதிலிருந்துதான் வந்தது என்று உறுதி சொல்லும் மின்னணுச் சான்றும்தான்.

ஸ்டேஷனில்

தமிழ்நாட்டில் போக்சோ புகார்கள் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகின்றன. வேறு எந்த ஸ்டேஷனில் கொடுத்தாலும் வாங்க வேண்டும். எல்லை தங்களுடையது இல்லை என்றால் பூஜ்ய எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். 1098 குழந்தைகள் உதவி எண்ணிலும், பள்ளிக்கல்வித் துறையின் 14417இலும் சொல்லலாம். துறைக்குச் சொன்னது போலீசுக்குச் சொன்னதாகாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

புகாரில் பொதுச் சொல் எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. “கணக்கு ஆசிரியர் என் மகளிடம் தவறாக நடந்துகொண்டார்” என்ற வரியிலிருந்து எந்தப் பிரிவும் பிறக்காது. “இன்ன பள்ளியில் 8ஆம் வகுப்பு படிக்கும் என் மகளை, அந்தப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர், போன செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பு முடிந்ததும் ஆய்வகத்துக்கு வரச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு உடைக்கு மேல் கை வைத்துத் தொட்டார். இதேபோல் சென்ற மாதமும் இரண்டு முறை நடந்ததாக மகள் சொல்கிறாள். புதன்கிழமை காலை தலைமையாசிரியரிடம் நேரில் சொன்னோம். அவர் இன்று வரை போலீசுக்குத் தகவல் கொடுக்கவில்லை.” இந்த நாலு வாக்கியத்தில் எல்லாம் இருக்கின்றன: ஊழியர் என்பது, பள்ளிக்குள் நடந்தது என்பது, திரும்பத் திரும்ப நடந்தது என்பது, மறைத்தவர் யார் என்பது. கடைசி வாக்கியத்தை எழுதப் பலர் தயங்குகிறார்கள், டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அந்த வாக்கியம் இல்லாவிட்டால் வழக்கு ஒரு தனி ஆளின் வழக்காகச் சுருங்கிவிடும், நிறுவனம் வெளியே நின்று வேடிக்கை பார்க்கும்.

கொடுத்த பிறகு கையில் என்ன தாள் வருகிறது என்று பாருங்கள். சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து “விசாரிச்சிட்டுக் கூப்பிடறோம்” என்று அனுப்புவது நம் ஸ்டேஷன்களின் பழைய வழக்கம். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீது, அவ்வளவுதான். இந்த வகைக் குற்றத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம், அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அங்கேயும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். போக்சோ சிறப்பு நீதிமன்றத்தில் நேரடியாகவே புகார் கொடுக்கவும் வழி இருக்கிறது. புகாரைப் பதியாத போலீஸ்காரருக்கும் 21ஆவது பிரிவு பொருந்தும்.

குழந்தையை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போக வேண்டியதில்லை. வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கவே கூடாது. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். விடுதி, காப்பகக் குழந்தை என்றால் இது உயிர்நாடி. அன்றிரவு குழந்தை எங்கே தூங்கும் என்பதை அந்தக் குழுதான் முடிவு செய்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் நடமாடும் கட்டடத்துக்கே திருப்பி அனுப்புவதை அங்கே எதிர்க்கலாம். விடுதிக்கு உரிமம் இருக்கிறதா என்றும் அப்போதே கேளுங்கள். பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளுக்கு 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி உரிமம் கட்டாயம்.

வயதுக்கான தாளில் தடுக்கி விழுந்த வழக்குகள் உண்டு. 2023 ஜூலையில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், டி.சி.யும் சேர்க்கைப் பதிவேட்டு நகலும் சட்டம் கேட்கும் வயதுச் சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் போக்சோ தண்டனையை ரத்து செய்தது. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் நகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. பிறப்புச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் உடனே விண்ணப்பியுங்கள்.

நீதிமன்றத்தில்

மாஜிஸ்திரேட் முன் ஒரு வாக்குமூலம் பதிவாகும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முன்பு 164ஆவது பிரிவு என்று சொல்லிவந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 183. குழந்தை அங்கே சொல்வதும் பிறகு சிறப்பு நீதிமன்றத்தில் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும் என்பதால்தான், நடுவில் ஆளாளுக்குக் குழந்தையைக் கேள்வி கேட்க விடக் கூடாது என்கிறோம்.

தமிழ்நாட்டில் பெரும்பாலும் மகிளா நீதிமன்றமோ தனி போக்சோ நீதிமன்றமோ விசாரிக்கும். கதவு மூடிய விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படாதபடி திரையோ வீடியோ இணைப்போ வைக்க வேண்டும். வக்கீல்கள் குழந்தையிடம் நேரடியாகக் கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், அவர்தான் கேட்பார். குழந்தைக்கு இடைவேளை உண்டு. இவையெல்லாம் கேட்டால்தான் கிடைக்கும் என்பதே நடைமுறை. ஆகவே குழந்தைகள் நலக் குழுவிடம் ஓர் ஆதரவு நபரை நியமிக்கச் சொல்லிக் கேளுங்கள். புகார் நாளிலிருந்து தீர்ப்பு வரை கூடவே வந்து, அடுத்த வாய்தா என்றைக்கு, ஜாமீன் மனு எப்போது வருகிறது என்றெல்லாம் சொல்வது அவர் வேலை. அரசு வக்கீலோடு உங்கள் தரப்புக்கென ஒரு வக்கீலும் வைத்துக்கொள்ளலாம். வசதி இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு தரும், எண் 15100. ஜாமீன் மனுவில் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது உங்கள் உரிமை. அந்த ஆசிரியரோ நிர்வாகியோ ஜாமீனில் வந்து மறுபடி அதே வளாகத்துக்குள் நுழையக் கூடாது என்ற நிபந்தனையைக் கேட்க அதுதான் இடம்.

நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்து 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியம், கூடுமானால் ஓராண்டுக்குள் தீர்ப்பு என்பது சட்டத்தின் கணக்கு. நடப்பில் தாமதமாகும். தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் சமரசத்துக்கு ஆள் வரும் மாதம். கட்டணம் தள்ளுபடி, தம்பிக்கு சீட், ரொக்கம், ஊர்ப் பெரியவர், சாதிச் சங்கம், “பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கணுமே” என்ற கரிசனம் எல்லாம் வரும். குழந்தை முதலில் சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியாகிப் போகும் வழக்குகளின் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. ராஜஸ்தானில் மாணவியிடம் அத்துமீறியதாக ஓர் ஆசிரியர் மீது வழக்கு. குடும்பத்தோடு சமரசம் ஆகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்தது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளிவிட்டு வழக்கு நடக்கட்டும் என்றது. இது இரு குடும்பத்துத் தகராறு இல்லை, சமூகத்துக்கு எதிரான குற்றம், பேசி முடிக்க முடியாது. கட்டப் பஞ்சாயத்துக்கு வருபவரிடம் இந்தத் தேதியைச் சொல்லலாம்.

பணம்

இழப்பீடு கேட்பதில் கூச்சம் வேண்டாம், அது குற்றவாளி தரும் பேரத் தொகை இல்லை, அரசு தருவது. 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி மூன்று கட்டம் இருக்கிறது. சாப்பாடு, துணி, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கும் சிறப்பு நிவாரணம் ஒரு வாரத்துக்குள் வர வேண்டும். எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றத்தில் இடைக்கால இழப்பீடு கேட்கலாம். இறுதி இழப்பீடு தீர்ப்போடு வரும். உத்தரவு கிடைத்து 30 நாளுக்குள் அரசு கொடுக்க வேண்டும். குற்றவாளி விடுதலையானாலும், ஆளே பிடிபடாவிட்டாலும், குழந்தைக்குப் பாதிப்பு உண்டு என்று நீதிபதி கருதினால் தொகை உண்டு. தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுத் திட்டம் வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம் என்றும், பாதிக்கப்பட்டவர் சிறார் என்றால் அதில் 50 சதவீதம் கூடுதல் என்றும் சொல்கிறது. இடைக்காலத் தொகைக்கு மனு போடாமலே வழக்கு முடிந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. குழந்தைக்கு மனநல சிகிச்சை தேவைப்படுவது அந்த இடைக்காலத்தில்தான்.

18ஐத் தாண்டியவர்களுக்கு

கல்லூரி மாணவி, மருத்துவமனைப் பயிற்சி நர்ஸ், அலுவலக ஊழியர் ஆகியோருக்கு இரண்டு கதவு உண்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் தட்டலாம். ஒன்று போலீஸ். இன்னொன்று உள்ளகப் புகார்க் குழு. அலுவலகத்துக்குப் பணியிடப் பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், உயர்கல்விக்கு அதோடு 2015ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிமுறைகள். குழுவுக்குச் சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். காரணம் சொன்னால் இன்னும் 3 மாதம் நீட்டலாம், அதற்கு மேல் இல்லை. 2025 செப்டம்பரில், ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தர் மீதான புகார் இந்தக் கெடு தாண்டியதால் எடுபடாது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றால், அல்லது முதலாளி மீதே புகார் என்றால், மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். இந்தக் குழுக்களால் வேலையிலிருந்து நீக்கச் சொல்ல முடியும், சிறைக்கு அனுப்ப முடியாது. போலீஸ் வழிக்கு இந்த 3 மாதக் கெடு கிடையாது.

வயது வந்த ஆண்களுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் ‘இயற்கைக்கு மாறான’ உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவுக்கு நிகரான எதையும் 2024 ஜூலையில் வந்த புதிய சட்டம் சேர்க்கவில்லை. அதனால் அந்தத் தேதிக்குப் பின் ஓர் ஆணுக்கு நடந்த வன்புணர்வை அந்தப் பெயரில் பதிய இன்று பிரிவு இல்லை. காயப்படுத்தியது, அடைத்து வைத்தது போன்ற பிரிவுகளில்தான் நிற்க வேண்டும்.

பல வருடம் முன் விடுதியில் நடந்ததை இப்போது, முப்பது நாற்பது வயதில், சொல்ல நினைப்பவர்களும் உண்டு. சம்பவம் நடந்த தேதியில் எந்தச் சட்டம் இருந்ததோ அதுதான் பொருந்தும். 2012 நவம்பர் 14க்குப் பிறகு என்றால் போக்சோ, இப்போது உங்களுக்கு வயது என்னவாக இருந்தாலும். புகார் கொடுக்கக் காலக்கெடு இல்லை என்று 2018இல் மத்திய அரசும் விளக்கம் சொல்லியிருக்கிறது. அதற்கு முன் என்றால் பழைய தண்டனைச் சட்டம். வன்புணர்வுக்கும், 377இல் வரும் குற்றத்துக்கும் காலக்கெடு இல்லை, இன்றும் புகார் கொடுக்கலாம். ஆனால் 2013 பிப்ரவரிக்கு முந்தைய மானபங்கப் பிரிவுக்கு உச்சத் தண்டனையே 2 ஆண்டு என்பதால் 3 வருடக் கெடு முடிந்துபோயிருக்கும். பழைய வழக்கில் தடயம் என்பது பெரும்பாலும் ஆட்கள்தான்: அதே வருடம் அதே விடுதியில் இருந்தவர்கள், அன்றைக்கு நீங்கள் சொன்ன தோழி, எழுதிய கடிதம், டைரி, நீங்கள் திடீரென்று படிப்பை நிறுத்தியதைக் காட்டும் பதிவேடு. ஒரே ஆளால் பாதிக்கப்பட்ட வேறு இருவர் தனித்தனியாகக் கொடுக்கும் புகார் வழக்கைத் தூக்கி நிறுத்தும். சேர்ந்து உட்கார்ந்து ஒரே வாசகத்தில் எழுதிக் கொடுத்தால் அதுவே வழக்கைக் கவிழ்க்கும்.

நிறுவனம் அரசுடையது என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு அரசிடமே இழப்பீடு கேட்கலாம். ஹவுராவில் ரயில்வேயின் பயணியர் விடுதியான யாத்ரி நிவாஸில் ரயில்வே ஊழியர்களால் பாதிக்கப்பட்ட வங்கதேசப் பெண்ணுக்கு ரயில்வே 10 லட்சம் தர வேண்டும் என்ற உத்தரவை 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நம் பக்கத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறை ஆட்கள் தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவார ஊருக்குள் புகுந்தார்கள், 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துவிட, மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தேதியில், 2023இல், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் தரச் சொன்னது. அதில் பாதியை வன்புணர்வுக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும் என்றது. அந்த உத்தரவில் இன்னொரு பகுதியும் உண்டு. ஊருக்குள் போகாதவர்களான அன்றைய மாவட்ட ஆட்சியர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் அரசுக்குச் சொன்னது.